முதுகுக்குப் பின்னால் ஒருத்தி

அந்த ஆட்டத்தில் எங்களுக்குக் கோல் யாரால் விழுந்தது என்று அந்த வாரம் என்னைக் கேட்டிருந்தால், யோசிக்காமல் மூன்று பேரைக் கை காட்டியிருப்பேன். அந்த மூவரில் நான் இல்லை.

முதல் ஆள் எங்கள் கோச். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு அறையில் வேலை பார்ப்பவர். ஒடிந்த கை கால்களுக்குக் கட்டுப் போட்டே பாதி ஆயுள் போய்விட்டது. மீதி ஆயுளை எங்கள் ஆஸ்பத்திரிப் பெண்கள் ஹாக்கி அணியிடம் கொடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறார். இரண்டாவது ஆள் பின்வரிசையில் இடது பக்கம் ஆடுகிறவள். ஆம்புலன்ஸ் ஓட்டுவதால் எல்லாருக்கும் அவள் டிரைவர். மூன்றாவது ஆள் கோல்கீப்பர். சலவைப் பிரிவின் மேற்பார்வையாளர். என் அண்ணி, அதனால் அணியில் எல்லாருக்குமே அண்ணி.

நான் எக்ஸ்ரே அறையில் இருக்கிறேன். நாள் முழுக்க ‘மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க’ என்று சொல்வதுதான் வேலை. மைதானத்தில் சென்டர் ஹாஃப், அதாவது நட்ட நடுவில் நிற்கிறவள். அணியில் எனக்குப் பெயர் மிளகா. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஹாக்கியில் எல்லாரும் பந்தைப் பார்க்கிறார்கள். பந்தைப் பார்க்க ஹாக்கி தெரிந்திருக்க வேண்டாம். வேலிக்கு வெளியே சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கிறவர்கூடப் பந்தைத்தான் பார்க்கிறார். ஆடுகிறவள் பார்க்க வேண்டியது பந்து அடுத்து எங்கே போகும் என்பதை. பந்து வைத்திருப்பவளின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது, அவள் தலை தூக்கினாளா, தூக்கினால் யாரைப் பார்த்தாள், இதெல்லாம் கவனிக்க வேண்டும். பந்து நம்மிடம் வருவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் கழுத்தைத் திருப்பி யார் யார் எங்கே என்று மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, நம் ஆள் ஒருத்தி மறிக்கப் போயிருந்தால் நாமும் அங்கே போய் விழக் கூடாது. பாஸ் போகிற வழியில் போய் நிற்க வேண்டும். இதை எட்டு வருஷமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறேன். காதில் வாங்கினால்தானே!

சண்டை ஆரம்பித்தது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். அண்ணன், அண்ணி, நான், மூவரும் ஒரே வீடு. அதற்கு முந்தின நாள் ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கித் தோற்றிருந்தோம். ஒரு கவளம் உள்ளே போனதும் எனக்கு இரண்டாவது கோல் ஞாபகம் வந்துவிட்டது.

“அண்ணி, அவ தனியா வரா, நீங்க ஏன் முன்னாடி வந்து மறிக்கல? கோட்டுலயே நின்னுட்டீங்க. அதுக்கு ஒரு கம்பத்துக்குப் பேடு கட்டி நிறுத்தியிருக்கலாம். அது சாப்பாடாவது கேக்காது.”

சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்தது. அண்ணனுக்கு வரவில்லை. அண்ணி கையிலிருந்ததைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்து போய்க் கை கழுவினாள். அந்தச் சாப்பாட்டைச் சமைத்தவளும் அவள்தான்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆட்டத்தைப் பற்றி ஆட்டக்காரியிடம் பேசுவதற்கு என்ன மன்னிப்பு? அண்ணியும் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். நானும் சளைத்தவள் இல்லை. வீட்டில் எல்லாச் சேதியும் அண்ணன் வழியாகத்தான் போய் வந்தது.

“என்னங்க, உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க, தொட்டி நெறஞ்சு ஊத்துது, மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்க.”

மோட்டார் சுவிட்ச் என் கைக்கு எட்டும். அண்ணன் குளியலறையில் முகம் மழித்துக்கொண்டிருப்பான். முகத்தில் நுரையோடு வெளியே வந்து, “ஏய், மோட்டார்!” என்று அவன் கத்திய பிறகுதான் நிறுத்துவேன். அதுவரை மாடியிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். என்னிடம் சொல்லாததை நான் ஏன் கேட்க வேண்டும்?

“நான் என்ன தபால்காரனா?” என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். “ரெண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே டீம், ஒரே ஸ்கூட்டர்ல போறீங்க. எப்படித்தான் வாயை மூடிக்கிட்டுப் போறீங்களோ.”

ஸ்கூட்டரில் போவது சுலபம். அவள் ஓட்டுவாள், நான் பின்னால் உட்கார்ந்து வேறு பக்கம் பார்ப்பேன்.

பேச்சு நின்ற பதினோராவது நாள், ஞாயிறு, அந்தக் கோல் விழுந்த ஆட்டம். அந்த வருஷ லீக்கில் கடைசிக்கு முந்தின ஆட்டம். கடைசிக் கால் பகுதியில் நாலு நிமிடம் பாக்கி, இரண்டு பக்கமும் கோல் இல்லை. எதிரணியின் ஓரத்து ஆட்டக்காரி எங்கள் இடது பக்கக் கோட்டை ஒட்டிப் பந்தை இழுத்துக்கொண்டு வந்தாள். டிரைவர் போய் மறித்தாள், நன்றாகத்தான் மறித்தாள். பந்து இரண்டு மட்டைக்கும் நடுவில் சிக்கித் திணறியது. ஒரு தட்டுத் தட்டினால் நம்முடையது என்று எனக்குத் தோன்றியது. போனேன்.

போகும்போதுதான் பின்னாலிருந்து அண்ணியின் குரல். “டிரைவர், அவகிட்ட சொல்லு!”

அவகிட்ட சொல்லு! கோலுக்கு முன்னால் நின்றுகொண்டு, நாலு நிமிடம் பாக்கி இருக்கும்போது, என்னிடம் சொல்ல வேண்டியதை டிரைவரிடம் சொல்லி அனுப்புகிறாள். எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. வீட்டு வழக்கத்தை மைதானத்துக்குக் கொண்டுவந்துவிட்டாளே! அந்த ஆத்திரத்தோடு மட்டையை வீசினேன். பந்து என் மட்டைக்குக் கீழே நழுவி, கோலுக்கு முன்னால் இருக்கும் டி வட்டத்துக்குள் ஓடியது. அங்கே என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஓடி வந்த ஒருத்தி, பக்கத்தில் ஆளே இல்லாமல், நிதானமாக அடித்தாள். அண்ணி விழுந்து காலை நீட்டினாள். பந்து பேடில் உரசிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

ஒன்றுக்குப் பூஜ்யம். அடுத்த ஞாயிறு கடைசி ஆட்டம். அதிலும் தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடுவோம்.

புதன்கிழமை காலையில் அண்ணியும் அண்ணனும் சமையலறையில் பேசியது என் அறைக்குக் கேட்டது. கேட்கட்டும் என்று பேசவில்லை. அந்த வீட்டுச் சுவர் அப்படி.

“கோச் ஞாயித்துக்கிழமை ரத்த வங்கிக்காரியைக் கோல்ல நிறுத்தப் போறாராம். அந்தக் கோலுக்கு நான்தான் காரணமாம்.”

“ஒரு ஆட்டம்தானே?”

“எனக்கு முப்பத்தாறு ஆகுதுங்க. இந்த ஆட்டத்துக்கு உட்கார வெச்சா, அடுத்த வருஷம் யாரு கூப்பிடப் போறாங்க? பேடைக் கழட்டிக் குடுத்துட்டு வந்துடறேன். தண்ணி பாட்டில் எடுத்துக் குடுத்துக்கிட்டு என்னால ஓரத்துல உட்கார முடியாது.”

அதற்குப் பிறகு பாத்திரச் சத்தம்தான். நான் கட்டிலில் உட்கார்ந்து கோச்சைத் திட்டினேன். பந்து கடைசியாக யார் காலில் பட்டதோ அவள் தலையில் கோலைக் கட்டிவிட்டுப் போவது எவ்வளவு சுலபம்! ரத்த வங்கிக்காரி நல்ல பெண்தான்; ஆனால் பந்து வந்தால் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அண்ணி மேலும் கோபம் தீரவில்லை. நேராகக் கூப்பிட்டுத் தொலைத்திருந்தால் இந்த வம்பே இல்லையே. பாதித் தப்பு அவளுடையது, பாதி என்னுடையது என்று கணக்குப் போட்டேன். என் பாதியை ஒத்துக்கொள்ளக்கூட மனம் இறங்கி வந்தது. பெரிய மனசுதான் எனக்கு.

மறுநாள் மதிய ஷிஃப்ட் முடிந்ததும் பிசியோதெரபி அறையில் எல்லாரும் கூடினோம். அங்கேதான் பெரிய டிவி இருக்கிறது. சிலர் பாயில், சிலர் நோயாளிகள் நடை பழகும் கம்பியில் சாய்ந்துகொண்டு. முன்வரிசைக்காரிகள் இரண்டு பேர் பெரிய ரப்பர் பந்துகளில் உட்கார்ந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி சலவைப் பிரிவுச் சீருடையில், கதவோரம்.

கோச் ஒவ்வொரு ஆட்டத்திலும் தன் போனைக் கோல் வலைக்குப் பின்னால் ஒரு கம்பத்தில் கட்டி வைத்துப் படம் எடுப்பார். அதைச் சத்தமில்லாமல்தான் போடுவார். முதல் முறை சத்தத்தோடு போட்டபோது எங்கள் முன்வரிசைக்காரிகளின் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை வராந்தாவில் போன பெரிய டாக்டர் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து எங்கள் ஆட்டமெல்லாம் ஊமைப் படம்.

“இதோ, நல்லாப் பாருங்க.” கோச் படத்தை நிறுத்தினார். திரையில் அண்ணியின் முதுகு, ஹெல்மெட், விரித்த கால்கள். தூரத்தில் நானும் டிரைவரும் கோட்டோரத்தில். “மிளகா அங்க போறா. நடுவுல இவ்வளவு இடம் காலி. அவங்க ஆளு ஒருத்தி ஓடி வரா. இது யாருக்குத் தெரியும்? மிளகாவுக்கு முதுகுல கண்ணு இல்ல. டிரைவர் குனிஞ்சிருக்கா. தெரியறது ஒரே ஆளுக்கு, கோல்கீப்பருக்கு. அவங்க கூப்பிட்டிருந்தா மிளகா பின்னாடி இறங்கி நடுவை மூடியிருப்பா. கூப்பிடல. வாயைத் தொறக்காத கோல்கீப்பர் எனக்கு எதுக்கு?”

எல்லாரும் அண்ணியைப் பார்த்தார்கள். அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மௌனம் எனக்குப் பொறுக்கவில்லை. வாயைத் திறந்தால் ‘நான் டிரைவர் மூலமாகச் சொன்னேன்’ என்று சொல்ல வேண்டிவரும். வீட்டுச் சண்டை வெளியே வரும். என் பெயர் கெடும். அதனால் பேசாமல் இருக்கிறாளாம். என்னைக் காப்பாற்றுகிறாளாம்! பதினைந்து நாள் என் முகத்தைப் பார்க்காமல் இருந்துவிட்டு இப்போது எனக்குப் பெருந்தன்மை காட்டுகிறாள். யார் கேட்டார்கள் அதை?

“கோச், சத்தம் வைங்க.”

“எதுக்கு? பக்கத்துல குழந்தைங்க வார்டு.”

“வைங்க. அண்ணி வாயைத் தொறக்கலன்னு சொல்றீங்கல்ல? தொறந்தாங்க. என்கிட்டப் பேசாம டிரைவர்கிட்டப் பேசினாங்க. எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல. தப்புல ஆளுக்குப் பாதி. எல்லாரும் கேக்கட்டும்.”

அவர் வைக்கவில்லை. நானே எழுந்து போய் அவர் கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கிச் சத்தத்தை ஏற்றினேன். அந்த நிமிடத்தில் என்னைப் போல நியாயமானவள் உலகத்திலேயே இல்லை என்று நினைத்தேன். படத்தை அரை நிமிடம் பின்னுக்குத் தள்ளி ஓடவிட்டேன்.

முதலில் காற்று. பிறகு மட்டைகள் மோதும் சத்தம், எங்கள் முன்வரிசைக்காரி ஒருத்தி யாரையோ திட்டுவது. திரையில் நான் கோட்டோரத்தைப் பார்த்து முதல் எட்டு வைக்கிறேன்.

“மிளகா, பின்னாடி!”

அண்ணியின் குரல். போனுக்கு இரண்டடி தூரத்திலிருந்து வந்ததால் அறையே அதிர்ந்தது. திரையில் நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

“மிளகா! பின்னாடி ஒருத்தி! இறங்கு, இறங்கு!”

திரையில் நான் திரும்பவில்லை. தலைகூட அசையவில்லை.

அதற்குப் பிறகுதான், தொண்டை கிழிய, “டிரைவர், அவகிட்ட சொல்லு!” அதற்கு டிரைவர் மூச்சு வாங்கிக்கொண்டே, “எதச் சொல்ல?” பிறகு ‘டொக்’ என்று கோலின் பின்பலகையில் பந்து விழுந்த சத்தம்.

டிரைவரின் குரலுக்கு இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள். ரப்பர் பந்தில் குதித்துக்கொண்டிருந்தவள்கூடக் குதிப்பதை நிறுத்திவிட்டாள்.

கோச் என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி மறுபடி போட்டார். பிறகு இன்னொரு முறை. முதல் கூப்பாட்டுக்கும் பந்து அந்தப் பெண்ணின் மட்டைக்கு வருவதற்கும் நடுவில் நாலு நொடி. நாலு நொடியில் நான் நடந்தே போய் அந்த இடத்தில் நின்றிருக்கலாம். மூன்றாவது முறை எனக்கு முகம் எரிந்தது. அந்தக் குரல் எனக்கு அன்று கேட்டதா, கேட்கவில்லையா? இன்றுவரை என்னால் சத்தியம் செய்து சொல்ல முடியவில்லை. ‘அவகிட்ட சொல்லு’ மட்டும் அட்சரம் பிசகாமல் கேட்டிருக்கிறது. அதற்கு முன்னால் என் பெயரைச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டது கேட்கவில்லை. கோபித்துக்கொள்ள வசதியானதை மட்டும் பொறுக்கி எடுக்கிற காது எனக்கு.

“நீங்க வீட்டுல பேசுங்க, பேசாதீங்க, அது எனக்கு வேண்டாம்,” என்றார் கோச். அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை. “ஆனா கோல்கீப்பர் கூப்பிட்டுத் திரும்பாத சென்டர் ஹாஃபை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? அண்ணி, நீங்க ஞாயித்துக்கிழமை கோல்ல. சாரி. நடுவுல லேப்காரி. மிளகா, நீ வெளிய உட்காரு.”

லேப்காரி என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குத் தெரிந்த ஹாக்கியை ஒரு சோதனைக் குழாயில் அடைத்துவிடலாம் என்று நானே பல முறை சொல்லியிருக்கிறேன், அவள் காதுபடவே.

வராந்தாவில் அண்ணி அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். மன்னிப்புக் கேட்கத்தான் ஓடினேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் வாயில் வந்தது வேறு.

“அண்ணி! என்னை நேராக் கூப்பிட்டீங்கன்னு ஏன் சொல்லல? வீட்டுல நாலு நாளா ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்தீங்க. அங்கயாவது சொல்லியிருக்கலாம்ல? இப்படி எல்லார் முன்னாடியும் என்னை...”

அவள் வண்டியை நிறுத்தினாள். பதினைந்து நாளுக்குப் பிறகு நேராக என் முகத்தைப் பார்த்தாள். கோபமாக இருப்பாள் என்று எதிர்பார்த்தேன். களைப்பாகத்தான் இருந்தாள்.

“உன் பின்னாடி நின்னு உயிர் போகக் கத்தினேன். அப்பவே திரும்பல. அப்புறம் உட்கார்ந்து எடுத்துச் சொன்னா மட்டும் கேட்டிருப்பியா?”

சக்கரம் கிறீச்சிட வண்டி போய்விட்டது. எக்ஸ்ரே அறைக்குத் திரும்பி, முட்டி வீங்கி வந்த ஒரு பெரியவரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. சமன் செய்தாலே போதும், தப்பிவிடுவோம். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். லேப்காரி தப்பும் தவறுமாகத்தான் ஆடினாள். பந்தை வாங்கும்போது கழுத்தைத் திருப்பவில்லை, இரண்டு பாஸை எதிராளி காலுக்கே கொடுத்தாள். ஆனால் பின்னாலிருந்து குரல் வந்தால் சட்டென்று திரும்பினாள். “இடது!” இடது போனாள். “இறங்கு!” இறங்கினாள். எதிரணி நாலு முறை அதே நடு இடத்துக்குப் பந்தை அனுப்பப் பார்த்தது. நாலு முறையும் வழியில் அவள் நின்றாள். மூன்றாவது கால் பகுதியில் டிரைவர் தூக்கிக் கொடுத்த பந்தில் எங்களுக்கு ஒரு கோல் கிடைத்தது. எல்லாரும் குதித்தார்கள். நானும் கை தட்டினேன். தட்டி முடித்ததும் லேப்காரியின் தப்புகளை எண்ணத் தொடங்கினேன்.

ஆறு நிமிடம் இருக்கும்போது லேப்காரிக்குக் காலில் சதை பிடித்துக்கொண்டது. கோச் என்னைப் பார்த்தார். வேறு வழியில்லை என்ற பார்வை.

“போ. கேட்டு ஆடு.”

ஓடி உள்ளே போனேன். ஒரே முடிவோடு போனேன்: அண்ணி கூப்பிட்ட மாத்திரத்தில், யார் என்ன என்று பார்க்காமல் திரும்பிவிடுவது. காதைத் தீட்டி வைத்துக்கொண்டேன்.

எதிரணி முழு பலத்தோடு வந்தது. ஒரு கோல் போட்டுச் சமன் செய்து, இன்னொன்றும் போட்டுவிடலாம் என்ற வேகம். பின்னாலிருந்து அண்ணியின் குரல் வந்துகொண்டே இருந்தது. “டிரைவர், விடாதே!” “வலது, உள்ள வா!” “டிரைவர், மிளகாவுக்குப் பின்னாடி நில்லு! நீ மறிக்கப் போகாதே, பின்னாடி நில்லு!”

முதலில் எனக்குப் புரியவில்லை. மறுபடியும் டிரைவர் வழியாகவா என்று ரத்தம் சூடாகியது. பந்து இடது ஓரத்தில் வந்தது, நான் மறிக்கப் போனேன். என் பெயரை எதிர்பார்த்துக் கழுத்தைத் திருப்பினேன். பெயர் வரவில்லை. அங்கே, என் முதுகுக்கு மூன்று எட்டு பின்னால், பாஸ் போகிற வழியை மூடிக்கொண்டு டிரைவர் நின்றிருந்தாள். பந்து அவள் மட்டையில் போய் விழுந்தது. மறுமுறை அதே இடத்தில் வலது பக்க ஆட்டக்காரி நின்றிருந்தாள். நான் எங்கே ஓடினாலும் எனக்குப் பின்னால் ஒருத்தியை அண்ணி நிறுத்திக்கொண்டே இருந்தாள்.

ஆறு நிமிடமும் அவள் என்னை ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை. என்னைப் பழிவாங்கச் செய்ததல்ல, அவளுக்கு அதற்கெல்லாம் நேரம் இல்லை. ‘இவள் திரும்பினாலும் திரும்புவாள், திரும்பாமலும் போவாள். நம்ப முடியாது. இவள் போகிற பக்கம் போகட்டும், பின்னால் ஆள் வைத்துக்கொள்’ என்று என்னைப் படித்து, அதற்கு ஏற்ற முடிவை எடுத்தாள். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து நிற்பது போல.

ஊதல் ஒலித்தது. ஜெயித்தோம். கீழ்ப் பிரிவுக்கு இறங்கவில்லை. எல்லாரும் ஓடிப்போய் அண்ணியின் மேல் விழுந்தார்கள். நான் நடு மைதானத்தில் மட்டையை ஊன்றி நின்றேன். யார் மேலாவது கோபப்பட முடியுமா என்று ஒவ்வொருவராகப் பார்த்தேன். கோலில் நான் நின்றிருந்தாலும் அண்ணி செய்ததைத்தான் செய்திருப்பேன்.